நாற்பத்து மூன்றாவது அர்ச்சியசிஷ்டர்

பினாங்கு வெயிலில் கம்பளி பின்னுகிறவளைப் பைத்தியக்காரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஜூலியானாவை அப்படித்தான் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு நேரம் எங்கே இருந்தது? கையில் ஊசி, மடியில் நூலுருண்டை, முன்னால் விரித்துவைத்த இங்கிலீஷ் பத்திரிகை. மூக்கு நுனியில் வந்து நிற்கும் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த கண்ணிக்குப் போய்விடுவாள்.

கணவர் ஆர்தர் கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரில், ரயில்வே சரக்கு ஆபீஸ் கிளார்க். காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரை போவார், சாயங்காலம் திரும்புவார். அவருக்கென்று ஜூலியானா கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்னிக் கொடுத்திருந்தாள். வீட்டுப் படி இறங்கும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். படகுத்துறையில் கழற்றிப் பையில் சுருட்டிவிட்டு, சாயங்காலம் அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு வருவார். துவைக்கும்போது ஒரு பொட்டு வியர்வை வாசனை இல்லையே, ஜூலியானாவுக்கா தெரியாது? தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைகள் சூலியா தெருவிலிருந்து வந்தன. அங்கே காஜா மொய்தீனுக்குப் பழைய காகிதக் கடை. துரைமார் வீட்டு அம்மாக்கள் படித்துத் தள்ளியவை மூட்டை மூட்டையாக அவரிடம் வந்து சேரும். கச்சாங் என்கிற வேர்க்கடலை விற்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போய்ப் பொட்டலம் மடிப்பார்கள். அவர்கள் கைக்குப் போகுமுன் ஊசி, நூல் படம் போட்டதையெல்லாம் காஜா மொய்தீன் தனியே எடுத்துவைப்பார்.

"பின்னல் அக்கா, இன்னைக்கு ஏழு புஸ்தகம் லா! முன் பக்கம் மட்டும் கேக்காதீங்க, அது கச்சாங்கோட போயிருச்சு" என்பார்.

எப்போதுமே முன் பக்கங்கள் இருக்காது. அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பும் சோறும் உள்ளே போனபின், பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஜூலியானா பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். பனியில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண்கள், ஆப்பிள் கன்னம், கழுத்தைச் சுற்றிய மப்ளர். அவள் வாழ்நாளில் பனியைக் கண்டதில்லை. ஆனாலும் அந்த மப்ளரில் எத்தனை கண்ணி என்று படத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பாசாரில் மீன் பொறுக்குவது போல இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்கி, வேண்டியதன் மூலையை மடித்துவைப்பாள். அரசாங்கமே வந்து எழுப்பினாலும் அந்த நேரத்தில் எழுந்திருக்க மாட்டாள்.

இவ்வளவு ஆசையோடு படித்தவள் ஒரு தப்பும் செய்தாள். சின்னத் தப்பு. பதினோரு வருஷத் தப்பு.

பள்ளியில் அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரீ. வாயால் சொன்னதை விடக் கையால் காட்டியதுதான் அதிகம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்திரிகையில் 'கே' என்றால் நேர்ப் பின்னல், 'பி' என்றால் மறுபக்கப் பின்னல் என்று படத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் எங்கே பார்த்தாலும் ஒரு எஸ், ஒரு டி, ஒரு புள்ளி. சுருக்கெழுத்துக்கெல்லாம் விளக்கம் முன் பக்கத்தில் இருந்திருக்கும், அதுதான் கச்சாங்கோடு போயிற்றே. ஆனால் கோயிலுக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கு எஸ்-டி தெரியாது? செயிண்ட். அந்தக் காலத்துத் தமிழில் அர்ச்சியசிஷ்டர், மோட்சத்தில் இருக்கிற புனிதர்.

அறுபது எஸ்-டி ஏற்று என்று பத்திரிகை சொன்னால், ஜூலியானா அறுபது அர்ச்சியசிஷ்டர்களின் பெயரைச் சொல்லி, பெயருக்கு ஒரு கண்ணியாக ஏற்றினாள். "அர்ச். இராயப்பர், அர்ச். சின்னப்பர், அர்ச். சூசையப்பர்..." பின்னும்போதும் வரிசைக்கு வரிசை அதே பெயர்களை வாய்விட்டுச் சொன்னாள். ஒரு எஸ்-டியைப் பின்னாமல் தள்ளு என்றால், அந்த அர்ச்சியசிஷ்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளினாள். வேடிக்கை என்னவென்றால் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. வெள்ளைக்காரர்கள் எவ்வளவு பக்திமான்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். பிரார்த்தனைப் புத்தகத்தில் அவளுக்கு மனப்பாடம் நாற்பத்திரண்டு பேர்தான். மிச்சப் பதினெட்டுக்குத் தன் உறவுக்காரர்களுக்கே அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்து மோட்சத்தில் ஏற்றிவிட்டாள். காஜா மொய்தீனையும் சேர்க்க ஆசைதான். சாமியார் காதில் விழுந்தால் வம்பு என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில், கோயில் மாதா சபையில் பின்னல் வகுப்பு தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. சபைத் தலைவி அமலம்மாள் பூசை முடிந்து வாசலில் ஜூலியானாவைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சேலை, கணீர்க் குரல், அவள் தும்மினால் சபையே தும்மும்.

"நீயே நடத்தேன், ஜூலி. ஆனா முதல்ல உன் சாமானையெல்லாம் பார்க்கணும். சனிக்கிழமை வர்றோம்."

ஜூலியானாவுக்குக் கால் தரையில் படவில்லை. சபையில் அவள் எப்போதும் கடைசி வரிசை. பிள்ளை காய்ச்சல், பிள்ளை படிப்பு என்று மற்றவர்கள் பேசும்போது, பிள்ளை இல்லாத அவள் பூச்சாடி கழுவப் போய்விடுவாள். அந்த வகுப்பு அவளுக்கு வேண்டும். பசித்தவளுக்குச் சோறு வேண்டும் என்பது போல வேண்டும்.

மூன்று நாள் அலமாரியைக் குடைந்தாள். பத்திரிகைகளைத் தூசி தட்டி, ராமபாணப் பூச்சி தின்ற ஓரங்களைக் கத்தரித்து, பசை தடவி ஒட்டினாள். தட்டுக்குத் தட்டு அட்டையில் ஓர் அர்ச்சியசிஷ்டர் பெயர் எழுதினாள். குழந்தைக் குல்லாயும் போர்வையும் அன்னம்மாள் தட்டில். ஆண்கள் ஸ்வெட்டர் சூசையப்பர் தட்டில். காலுறை எல்லாம் வழிப்போக்கர்களைக் காக்கிற கிறிஸ்தோபரிடம். பாதிப் பக்கம் காணாமல் போன மாதிரிகள்? தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற அந்தோணியாரிடம் ஒப்படைத்தாள். அவர் தட்டுத்தான் நிரம்பி வழிந்தது. நூலுருண்டைகள் நிறம் பிரித்து பிஸ்கெட் டின்களில், பூச்சி வராமலிருக்க டின்னுக்கு நாலு கிராம்பு. திறந்தால் வீடே மணத்தது.

"கவர்மெண்ட் ஆபீஸ் தோத்துச்சு" என்றார் ஆர்தர். சொல்லிவிட்டு ஏதோ யோசித்தார். "ஜூலி, அவங்க முன்னால எதையும் வாசிச்சுக் காட்டாதே, என்ன?"

"ஏன், என் இங்கிலீஷுக்கு என்ன குறைச்சல்?"

ஆர்தர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். அமலம்மாளோடு வில்லியம் மாஸ்டரின் மனைவி செலினாவும் வந்திருந்தாள். தைப்பிங்கிலிருந்து புதிதாக வந்தவள், இங்கிலீஷ் படித்தவள். அலமாரியைத் திறந்ததும் எல்லோரும் 'அடேயப்பா' என்றார்கள். அமலம்மாள் ஒரு டின்னை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"எப்படிப் பாத்துப் பின்றேன்னு சொல்லட்டுமா அக்கா?" என்று ஜூலியானாவே பத்திரிகையை விரித்தாள். "இதோ, முதல்ல அறுபது அர்ச்சியசிஷ்டரை ஊசியில ஏத்தணும்."

"யாரை?" என்றாள் செலினா.

"அர்ச்சியசிஷ்டரை. இதோ பாரு, எஸ்-டி."

செலினா எட்டிப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்தினாள், பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. "ஐயோ அக்கா, அது செயிண்ட் இல்ல லா! ஸ்டிச்! கண்ணி! அறுபது கண்ணி!"

அமலம்மாள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, வேதத்துக்காக உயிரை விட்டு வேதசாட்சியா அவங்க பட்டது போதாதா? மறுபடி ஊசியில ஏத்துறியே!"

ஐந்து பேரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை, ஆனால் ஜூலியானாவுக்குக் காது இரண்டும் சுட்டது. போகும்போது அமலம்மாள், "வகுப்பைப் பத்தி அப்புறம் பாப்போம்" என்றாள். அப்புறம் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியாது? செலினா மட்டும் ஒரு போர்வை மாதிரியை இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு ஜூலியானா உள் அறைத் திரையை விலக்கினாள். ஆர்தர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து."

அவள் திரையை இழுத்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கவில்லை, பத்திரிகை புரட்டவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஆர்தர் வந்தபோது அலமாரி காலி. அன்னம்மாள், சூசையப்பர், அந்தோணியார் எல்லோரும் சணல் கயிற்றில் கட்டுண்டு வாசலோரம் கிடந்தார்கள். நாளைக்கு வந்து எடுத்துப் போகும்படி காஜா மொய்தீனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

ஜூலியானா நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற ஒரு குல்லாயை முடித்துத் தொலைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தெட்டில் விட்டுப்போயிற்று. பிரித்தாள். மறுபடி முப்பத்தொன்றில் விட்டுப்போயிற்று.

ஆர்தர் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"வாய்விட்டுச் சொல்லிப் பின்னேன்."

"எதுக்கு, நீங்களும் சிரிக்கவா? ரெண்டாம் வருஷமே சொல்லியிருந்தா இப்ப ஊர் சிரிக்குமா? ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே."

"நிறுத்தினா என்ன கெட்டுப்போச்சு?"

ஆர்தர் தரையைப் பார்த்தார். "நாப்பத்து மூணாவது கண்ணியில என் பேர் வருது, ஜூலி."

அவள் கை நின்றது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ என்னை 'என்னங்க'ங்கிற. வெளியில கேட்டா 'வீட்டுக்காரர்'ங்கிற. பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையுமாம், யாரு சொன்னாங்களோ. ஆபீஸ்ல துரைக்கு நான் வெறும் கிளார்க். ஆனா நீ பின்னும்போது, வரிசைக்கு ஒரு தடவை, 'அர்ச்சியசிஷ்ட ஆர்தர்'னு சொல்றே. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்து, நாப்பத்து மூணு எப்ப வரும்னு காத்துக்கிட்டிருப்பேன். அது போயிடுமேன்னுதான் சொல்லல."

ஜூலியானாவுக்கு அழுகை வந்தது. சனிக்கிழமை வந்திருக்க வேண்டியதும் சேர்ந்து வந்தது. ஊசியை மடியில் போட்டுவிட்டு, முந்தானையில் முகம் துடைத்தாள். அந்த மனுஷன் மேல் பட்ட கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"அந்த ஸ்வெட்டரைப் படகுத்துறையில கழட்டுறீங்க. எனக்கும் தெரியும்" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா போடாமலே போயிடுவீங்க."

இருவரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் வாசலில், "அக்கா, அக்கா!" என்று செலினாவின் குரல். கட்டுகளைத் தாண்டிக்கொண்டு வந்தவள் கையில் நூலும் ஊசியுமாக எதையோ நீட்டினாள்.

"போர்வை பின்னப் போனேன், சம்சா வந்திருக்கு. அறுபதுல ஆரம்பிச்சது முப்பதுல நிக்குது. எண்ணுறப்ப பிள்ளைங்க ஒரு தடவை 'அம்மா'ன்னா போதும், கணக்கு போயிடுது. உங்களுக்கு எப்படித் தப்பாம வருது?"

"ஒரு நம்பர் விட்டுப்போனா தெரியாது. ஒரு ஆள் விட்டுப்போனா தெரியும்ல?" என்றாள் ஜூலியானா.

செலினா அந்த முக்கோணத்தைப் பார்த்தாள். "அந்த அறுபது பேரையும் எழுதிக் குடுங்கக்கா. அமலம்மாக்காகிட்ட நான் பேசறேன்."

மறுநாள் காஜா மொய்தீன் வந்து, கட்டுகள் மறுபடி அலமாரி ஏறியதைப் பார்த்து, வெறுங்கையோடு, மகா சந்தோஷமாகத் திரும்பிப் போனார். அடுத்த சனிக்கிழமை ஜூலியானா வீட்டுக் கூடத்தில் ஆறு பெண்கள், ஆறு ஜோடி ஊசிகள். அமலம்மாளும் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அதற்குப் பதில் ஒரு டின் பிஸ்கெட் கொண்டுவந்திருந்தாள்.

ஜூலியானா சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்லிக் கண்ணி ஏற்றினார்கள். இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர். செலினாவுக்குக்கூட ஒன்றும் விட்டுப்போகவில்லை. நாற்பத்திரண்டில் அன்னம்மாள் ஏறினாள். ஜூலியானா நிறுத்தினாள். திரைக்குப் பின்னால் செய்தித்தாள் சலசலப்பும் நின்றது. நாலு பேர் முன்னால் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அர்ச்சியசிஷ்ட ஆர்தர்" என்றாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அமலம்மாள் மேல் போயிற்று. அமலம்மாள் ஜூலியானாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அர்ச்சியசிஷ்ட ஆர்தர்" என்று கணீரென்று சொல்லிக் கண்ணியை ஏற்றினாள்.

"நாப்பத்து நாலு யாரு?"

"புக்கிட் மெர்தாஜாம் சித்தப்பா, அக்கா. பாக்கியசாமி."

"அவரை எடுத்துடு. அங்க எங்க வீட்டுக்காரரைப் போடு."

அமலம்மாளின் கணவர் இறந்து ஆறு வருஷம். சபையில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். ஜூலியானாவுக்கும் தெரியும்.

"அது உங்க கண்ணி, அக்கா. நீங்கதான் சொல்லணும்."

அமலம்மாள் குனிந்தாள். நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். சபையையே அதட்டுகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

"அர்ச்சியசிஷ்ட... மரியநாதர்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை சொன்னாள், இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பிறகு கண்ணியை ஏற்றிவிட்டு, அடுத்தது யார் என்று செலினாவைப் பார்த்தாள்.