இடி இல்லாத மத்தியானம்

வானொலி நிலையத்து மாடி அறையில் மழை ஒரு சல்லடைக்குள் இருந்தது. இடி சுவரில் சாய்ந்திருந்தது. சல்லடையில் கடுகு; மெல்ல அசைத்தால் தூறல், உலுக்கினால் கொட்டும் மழை. இடிக்கு ஆளுயரத் தகரத் தகடு. இரண்டையும் ஆட்டுகிறவரை எல்லோரும் தகரம் என்றே கூப்பிட்டார்கள். இந்தச் சத்தமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கும். ஆனால் நாடகங்களை இயக்கும் மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். "கம்ப்யூட்டர் மழை யாரையும் நனைக்காது" என்பார்.

அவர் நாடகத்தில் சோகம் என்றால் மழை, பிரிவு என்றால் இடி. கதாநாயகியின் மனசு உடைகிற நாள் பார்த்து வானமும் பொத்துக்கொள்ளும்.

சின்னவளுக்கு அவர் தாய்மாமன். நாடகம் எழுதும் வேலையை வாங்கித் தந்தவர். அதை அடிக்கடி சொல்லிக் காட்டுகிறவரும் அவர்தான்.

இன்று நேரடியாக ஒலிபரப்பாகும் காட்சியில் ஒருத்தி புருஷன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அவள் யாரென்று குடும்பத்துக்கே தெரியும். சின்னவளின் அக்கா. எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா ஒன்றுதான் சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வைக்காத. நான் அழல."

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், மாமா ஆரம்பித்துவிடுவார். "கொட்டுற மழையில, தொப்பலா நனைஞ்சு, அழுதுக்கிட்டே வந்து நின்னா பாவம்." அன்று ஒரு சொட்டு மழை இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் மழையில் அழுதுகொண்டு வந்தவளுக்கு ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். வெயிலில் நிமிர்ந்து வந்தவளிடம் ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டியிருக்கும்.

சின்னவள் பேனாவில் எழுதியிருந்தது இது: "மத்தியான வெயில் சமையல் மேடை வரைக்கும் வந்திருந்தது. குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மிக்சியின் பிளக்கைப் பிடுங்கினாள். அவள் சம்பளத்தில் வாங்கிய மிக்சி. செருப்பைப் போட்டாள். போனாள்."

அதன் மேல் மாமா பென்சிலால் எழுதியிருந்தார்: "மழை கொட்டியது. இடி இடித்தது. கண்ணீர் மல்க, கனத்த இதயத்தோடு விடைபெற்றாள்."

"இதயம் கனக்கல மாமா. மிக்சிதான் கனம்."

"மிக்சியத் தூக்கிட்டுப் போறவளுக்காக எவன் அழுவான்?"

"யாரும் அழ வேணாம்னுதான் வெயில் வெச்சேன்."

"கேக்குறவனுக்கு மனசுல ஒரு இருட்டு கட்டணும். இது பளிச்சுன்னு இருக்கு, பாத்திரக் கடை மாதிரி."

"வெளிச்சத்துலதான் மாமா எல்லாம் தெரியும். மழையில ஒண்ணும் தெரியாது."

"வாய் மட்டும் காது வரைக்கும் நீளுது" என்று மாமா கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

நடிகை மூச்சு வாங்க ஓடி வந்தாள். தாளைப் பார்த்தாள். "பேனாவப் படிக்கவா, பென்சிலயா?"

"பென்சில்" என்றது ஒலிபெருக்கி வழியே மாமாவின் குரல்.

"பேனா" என்றாள் சின்னவள்.

"நல்லா இருக்கு. மைக் முன்னால நின்னு அசடு வழியப் போறது நான்தானே."

ஒலிபரப்புக்கு முன் மேசை விசிறியை நிறுத்த வேண்டும். வெந்துபோகும் அந்த அறைக்குச் சின்னவள் தன் காசில் வாங்கி வைத்த விசிறி அது. அதை நிறுத்தினாள். திரும்பும் வழியில் தகரத் தகட்டை அலுங்காமல் தரையில் கிடத்தி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடுகுச் சல்லடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய தகரம் இடியைக் காணாமல் முழித்தார். "ஏம்மா, எந்திரி. என் பொழப்பு அது."

"பிடுங்கிப் பாருங்கண்ணே. சத்தம்தான் வரும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி யாரும் பேச முடியாது.

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. அசைந்தால் இடி. நடுங்கினால் மழை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் மாமா, எழுந்திரு என்று கையைக் காட்டினார். பிறகு, எழுந்திருக்காதே என்று இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். அவள் மூக்கு அரித்தது. இடது கால் மரத்துப்போனது. அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள்.

நடிகை தாளைப் பார்த்தாள். தரையில் கிடந்த இடியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"மத்தியான வெயில் சமையல் மேடை வரைக்கும் வந்திருந்தது."

வேலையில்லாமல் கை அரித்த தகரம், டம்ளர் வரி வந்ததும் தன் டம்ளரை எடுத்து மேசையில் கவிழ்த்தார். டக். அவ்வளவுதான் அந்த வீட்டில் கேட்ட சத்தம்.

"செருப்பைப் போட்டாள். போனாள்."

விளக்கு அணைந்தது. மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் நடிகைமேல் பாய்ந்தார். "உனக்கு என்ன வந்துது?"

"இடியே இல்லாம இடி இடித்ததுன்னு படிச்சா, என்னையத்தானே சார் சிரிப்பாங்க?"

சின்னவள் எழுந்தாள். தகடு அதிர்ந்து அறை முழுக்க இடி இடித்தது. கடுகு தரையெல்லாம் கொட்டியது.

"இப்ப வருது பாரு" என்றார் தகரம்.

"நாளையிலேருந்து வேற ஆள் எழுதும். நீ வராத" என்றார் மாமா. "அழுதாலும் பிரயோஜனமில்ல."

"யாரு அழுதா?"

நொண்டிக்கொண்டே படியிறங்கினாள். தெருவில் கால் வைக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"கேட்டியா?"

"கேட்டேன். ஒண்ண விட்டுட்ட."

"என்னது?"

"மிக்சி மூடிய மறந்துட்டேன். பாதித் தெருவுலேருந்து திரும்பிப் போய், அந்த ஆளு பார்க்கப் பார்க்க எடுத்துட்டு வந்தேன். கிளம்புறது சுலபம்டி. மூடிக்காகத் திரும்பிப் போனதுதான் கஷ்டம்."

சின்னவள் போனை வைத்தாள். பிறகு படியேறினாள்.

மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். அவர் பார்க்கப் பார்க்க ஒயரைச் சுற்றினாள். விசிறியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

அடுத்த முறை நாலு பேர் கூடும்போது மாமாவின் வாயில் இதற்கும் மழை பெய்யும். பெய்யட்டும். தெருவில் வெயில் பளிச்சென்று அடித்தது. யார் போகிறாள், எதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது.