வாசத்தண்ணி

கிழக்குச் சன்னல் வெளுக்கும்போதே தொட்டியில் கூடைகள் இறங்கிவிடும். விரல்நுனி அளவுள்ள பித்தளைச் சில்லுகள் நிறைந்த கம்பிக் கூடை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைக் கனம். குனிந்து முக்கி, குலுக்கி, தூக்கி, வடித்து, அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிற அந்தத் திரவத்துக்குக் கம்பெனி சொன்ன பேர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. பழுத்த பழம்போல இனிப்பாக மணந்ததால் பெண்கள் அதை வாசத்தண்ணி என்றார்கள். கையில் பட்டதும் சில்லென்று காய்ந்து, தோலை வெள்ளையாக வெடிக்க வைக்கும். கையுறை கேட்டால் "சில்லு நழுவிடும்" என்பான் மேஸ்திரி. கை போனால் போகட்டும், சில்லு நழுவக் கூடாது. அங்கே அதுதான் நியாயம்.

வரிசையில் முதல் ஆள் அண்ணி. தன் புருஷனின் தங்கையை அவள்தான் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஆள் சின்னது, வாய் ஓயாதது. அதனால் தங்கைக்குக் குருவி என்று பேர். குருவி எதற்கெடுத்தாலும் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் கொட்டகை முழுக்க அவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

கழிப்பறை ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். கையில் காசு உள்ளவர்கள் நாப்கின் வாங்கிப் போடுவார்கள், தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யார் போட்டது, யார் எடுத்தது என்ற கேள்வியே கிடையாது. எப்போதும் காலியாகிவிடுகிற அந்தப் பை, வாசத்தண்ணி வந்த பிறகு நிறைய ஆரம்பித்தது. யாரும் பயப்படவில்லை. சொல்லப்போனால் சந்தோஷப்பட்டார்கள். கழிப்பறைப் பக்கம் திரும்பினாலே முறைக்கிற மேஸ்திரிக்குக் கீழே, மாதாமாதம் அந்தத் தொல்லை இல்லையென்றால் யாருக்குக் கசக்கும்? "நமக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்கடி" என்று குருவிகூடச் சிரித்தாள். பை பிதுங்கி ஆணியோடு பெயர்ந்து விழுந்த அன்றுதான் அண்ணி எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முப்பது வயதுக்குள் அண்ணிக்குச் சினைப்பை வற்றிவிட்டது. வேறொருத்தியின் கருமுட்டையை வாங்கித்தான் இனி அவள் பிள்ளை சுமக்க முடியும். அதற்கு ஆகிற செலவில் ஒரு வீடே கட்டலாம். குருவிக்கும் இன்னும் சிலருக்கும் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் நாளாக ஆகக் குறையும் என்றார். அந்தத் தண்ணிமேல்தான் அவருக்குச் சந்தேகம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது குருவி அண்ணியின் கையைப் பிடித்தாள். "எனக்குத்தான் இருக்குங்கறாங்களே அண்ணி. அதுல நாலு உங்களுக்குத் தர்றேன்."

"அடி மண்டு, பிள்ளைக்கு அப்பன் உங்க அண்ணன்டி. அதுக்கு நீ முட்டை குடுத்தா ஊரே காறித் துப்பும்."

குருவி ஒரு கணம் விழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. கூலி கொஞ்சம் உயரட்டும், அப்புறம் பெற்றுக்கொள்ளலாம் என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்ட பிள்ளை அது. தள்ளிப்போட்டதே தான்தான் என்று நினைக்க நினைக்க அண்ணிக்கு நெஞ்சு வெந்தது.

விஷயம் கசிந்ததும் முதலாளியே கொட்டகைக்கு வந்தார்.

"நீங்கள்லாம் எனக்குப் பொண்ணுங்க மாதிரி. யாருக்கு மிச்சம் இருக்கோ அவங்க முட்டையை எடுத்து, பெரிய ஆஸ்பத்திரில உறைய வெச்சுக் காப்பாத்தித் தர்றது என் பொறுப்பு. பணக்கார வீட்டுப் பொண்ணுங்க செஞ்சுக்கிறது. எத்தனை வருஷமானாலும் கெடாது. நிம்மதியா வேலையைப் பாருங்க. லேபர் ஆபீஸ், அது இதுன்னு மட்டும் யாரும் போகக் கூடாது."

"தண்ணியை மாத்துவீங்களா சார்?" என்றாள் குருவி.

"மாத்தினா ஆர்டர் போயிடும்மா."

"முட்டையை ஐஸ்ல வெச்சிடுவீங்க. எங்களை எங்க வெப்பீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மிச்சம் உள்ளவர்கள் ஒரு பக்கமும் இல்லாதவர்கள் ஒரு பக்கமுமாக வரிசை தானாகப் பிரிந்து நிற்பதை அண்ணி பார்த்தாள். குருவியையாவது தப்பவைத்தால் போதும் என்று தோன்றியது.

"சார், அவங்க முட்டையை எடுத்து வெச்சு, வேற வேலையும் குடுத்துடுங்க. தொட்டியை நாங்க பார்த்துக்கிறோம். எங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

முதலாளியின் முகம் மலர்ந்தது. "இதுதாம்மா நல்ல மனசு! நாளையிலேருந்தே அப்படிச் செஞ்சிடலாம்."

அவர் அத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டதில்தான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை இல்லை என்று ஆனபின் இந்த உடம்பும் அவருக்கு இன்னொரு கம்பிக் கூடை. அதைத் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"போறதுக்கு என்ன இருக்கா?" குருவி சீறினாள். "உசிரு இல்லையா? படி ஏறினா உங்களுக்கு மூச்சு வாங்குது. உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களைத் தொட்டில விட்டுட்டு நான் பிள்ளை பெத்துக்கணுமா அண்ணி?"

"உனக்கு நாள் இல்லடி. இப்ப விட்டா அப்புறம்..."

"தெரியும்."

குருவி நடந்து வந்து அண்ணி பக்கத்தில் நின்றாள். மிச்சம் உள்ள மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள்.

அண்ணி கூடையைக் கீழே வைத்தாள். "நான் சொன்னது தப்பு சார். இந்தத் தண்ணியில இனி ஒருத்தியும் கை வைக்க மாட்டா. தண்ணியையும் மாத்துங்க, முட்டையையும் காப்பாத்திக் குடுங்க."

"ரெண்டும் கிடையாது. வெளிய போங்க."

கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். வெயிலில் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள். விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போன லேபர் ஆபீசர் போனவர் போனவர்தான். தண்ணியால்தான் இப்படி ஆனது என்று நிரூபியுங்கள் என்றார் கம்பெனி வக்கீல். குருவி மறுபடி ஸ்கேன் எடுத்து வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு "இருக்காம், கொஞ்சம்" என்றாள். அதற்குமேல் கேட்க அண்ணிக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் வேன் வந்து நின்றது. ஏஜென்ட் பிடித்துவந்த புதுப் பெண்கள், குருவியைவிடச் சின்னவர்கள். வேன்மேல் எறியக் கல்லை எடுத்த தங்களில் ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டு அண்ணி வேன் அருகே போனாள். பெற்றவள்கூட நடுத்தெருவில் கேட்கக் கூசுகிற கேள்வியை, சன்னலோரப் பெண்ணிடம் கேட்டாள்.

"உனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?"

அந்தப் பெண் வெட்கத்தோடு தலையாட்டினாள்.

"எங்களுக்கு நின்னுடுச்சு. உள்ள போனா உனக்கும் நின்னுடும். நான் இனிமே பெத்துக்க முடியாது."

மேஸ்திரி கத்தினான். புதுப் பெண்கள் தலை குனிந்துகொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல அண்ணிக்கு நாக்கு எழவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு இரண்டு பேர் எழுந்து, சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சன்னலோரப் பெண் மட்டும் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"இங்க உட்கார்ந்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் அண்ணி. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

குருவி நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண் கேட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.