மேல் வரிசையிலிருந்து இறங்கிய எண்

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கோப்புகளுக்கு நோய் எண் போடும் அறையில், அவரவர் பார்க்கும் நோய் எண்ணின் முதல் எழுத்துதான் எல்லாருக்கும் பெயர். எலும்பு முறிவுகளைப் பார்ப்பவர் எஸ் அண்ணன். மனநலக் கோப்புகளைப் பார்ப்பவள் எஃப் அக்கா. பதினொரு மாதமாக ஒரு பிழையும் இல்லாததால் அவள் பெயருக்கு நேரே சுவரில் பதினொரு பச்சை நட்சத்திரங்கள். தினமும் கணினியைத் திறக்குமுன், "ஆண்டவனே, ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலயும் ஒரு ஆள் இருக்குங்கறதை மறக்கவிடாதே" என்று வேண்டிக்கொள்வாள்.

அன்று அந்த ஆளே நேரில் வந்து நின்றாள். நகைக்கடையில் வேலை செய்யும் பெண். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கையில் காப்பீட்டுப் படிவம்.

"அக்கா, இதுல எஃப் அறுபத்து மூணு புள்ளி ரெண்டுன்னு இருக்கு. முதலாளி போன்ல தட்டிப் பார்த்தாராம். திருடாம இருக்க முடியாத நோயாம்! அலமாரிச் சாவியைப் பிடுங்கிட்டார். சாயங்காலம் கணக்கு முடிச்சு அனுப்பிடுவார். நான் என் முடியைத்தானே பிடுங்குறேன், ஊரார் நகையையா?"

சொல்லும்போதே அவள் விரல்கள் துணியின் ஓரத்துக்குள் நுழைந்தன.

எஃப் அக்கா கோப்பைத் திறந்தாள். தன் முடியைத் தானே பிடுங்கும் உந்துதல் என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தார். அதற்குப் புள்ளி மூன்று. இதற்கு முந்தைய கோப்பு வேறு யாருடையதோ. அங்கே புள்ளி இரண்டு சரி. மேல் வரிசை எண்ணை அப்படியே கீழே இறக்க ஒரு பொத்தான் உண்டு. ஏதோ அவசரத்தில் அதை அமுக்கியிருக்கிறாள்.

"தப்பு என்னோடதும்மா."

எஸ் அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் காதில் சொன்னார். "வழக்கமான திருத்தத்துல போட்டுடு. மூணு வாரத்துல தானா மாறிடும். யார் செஞ்சதுன்னு கேக்க மாட்டாங்க. உன் நட்சத்திரமும் தப்பிக்கும்."

"இவ வேலை தப்பிக்குமா அண்ணே?"

"அதானே!" என்று தலையைச் சொறிந்தார். "சரி போ. எனக்கு ஒரு நட்சத்திரமும் இல்ல, நல்லாத்தானே தூங்குறேன்."

உடனே திருத்த இரண்டு கையெழுத்து வேண்டும். மருத்துவரை மாடிப்படியில் மடக்கி, சுவரில் படிவத்தை வைத்தே வாங்கினாள். 'பிழை செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். ஆண்டவன் சில நாள் நம்மிடம் கேட்பது ஒரு மதிய இடைவேளையைத்தான். திருத்திய படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் அந்தப் பெண்ணோடு கடைக்கே போனாள்.

"அப்ப இவளுக்கு என்னதான் நோய்?" என்றார் முதலாளி.

"அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல சார். பழைய நம்பர் தப்பு, அதைப் போட்டது நான். அதை மட்டும்தான் சொல்லலாம்."

அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டாள். "புது நம்பரையும் தட்டிப் பாருங்க சார். பரவாயில்ல."

அவர் தட்டினார். படித்தார். அவள் தலைத்துணியைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் ஏதோ புது ஃபேஷன்னு நெனச்சேன்மா," என்றார் மெல்ல. பிறகு எஃப் அக்காவிடம், "இதுக்கு நீங்க நேர்ல வரணுமா? ஒரு போன் போதாதா?"

"ஒரு நம்பர் தனியா வந்து இவ்வளவு கலாட்டா பண்ணிடுச்சே சார். அதான் ஆளா வந்தேன்."

அவர் சிரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

அன்று மாலை வரை அவள் விரல்கள் தலைப்பக்கம் போகவே இல்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை போயின. இரண்டு முறையும் கையிலிருந்த சாவிகள் குலுங்கி, அவளை அலமாரிக்கு அழைத்துவந்தன.