பாலசுந்தரியின் இரண்டாவது வாவிப் பயணம்

பாலசுந்தரி மட்டக்களப்பு வாவியில் முதன்முறை பயணம் செய்தது 2004 மார்கழியில், சுனாமியன்று. நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த வீட்டிலிருந்து தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்குள் போட்டது. அக்கரையிலிருந்து தோணியில் வந்த யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. கணவர் தம்பிராசா கிடைக்கவேயில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "ஒண்டும் பாக்கல்ல. கண்ணெல்லாம் மண்" என்று மட்டும் சொல்வார்.

இரண்டாவது பயணம் 2010 ஆடி மாதம். அதற்கு ரிக்கெட் எடுத்துப் போனார்.

இடையில் யுத்தம் முடிந்தது. திராய்மடுவில் அவருக்கு ஒரு கல்வீடு கிடைத்தது. ஒரு ஸ்கூட்டரும் கிடைத்தது. ஸ்கூட்டர் என்றால் பெற்றோல் ஊற்றி ஓடுவதல்ல. நடக்க முடியாதவர்கள் இருந்தபடியே ஓட்டுகிற, பற்றரியில் ஓடும், நாலு சில்லு வைத்த கதிரை. ஜேர்மனியில் ஒரு பெண்மணி பாவித்துவிட்டுக் காலமானதை ஒரு தொண்டு நிறுவனம் கப்பலில் அனுப்பியிருந்தது. முன்கூடையில் ஹெல்கா என்று பெயர் ஒட்டியிருந்தது. செத்துப்போன ஆளின் பெயரைக் கிழிப்பது சரியில்லை என்று பாலசுந்தரி அதை அப்படியே விட்டுவிட்டார். ஆகவே ஊரில் அந்த ஸ்கூட்டருக்குப் பெயர் ஹெல்கா. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருந்தன. பாலசுந்தரி எப்போதும் முயலில்தான் வைத்திருப்பார்.

யுத்தம் நடந்த காலத்தில் சந்திக்குச் சந்தி ஹெல்காவை நிறுத்தி, இருக்கையைக் கழற்றி, பற்றரியைச் சோதித்தார்கள். சோதித்து முடியும்வரை பாலசுந்தரி வீதியோரத்தில் யாராவது கொண்டுவந்து போடும் கதிரையில் காத்திருப்பார். யுத்தம் முடிந்த பிறகு ஒருவரும் நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் அவருக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

அந்த ஆடி மாதம் ஓர் ஓட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திராய்மடுப் பக்கம் வந்தது. வாவியில் உல்லாசப் படகுப் பயணம், மத்தியானச் சாப்பாடு உண்டு, சகலரும் வரலாம் என்று அறிவித்தது. பாலசுந்தரி தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுக் கதைத்தார். மறுமுனையில் படகுச் சொந்தக்காரர் றுமைஸ். காத்தான்குடிக்காரர். துபாயில் சுற்றுலாப் படகொன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊரில் அதே தொழிலைத் தொடங்கியிருந்தார்.

"சகலரும் எண்டா சில்லில வாற ஆக்களும்தானே?" என்று கேட்டார் பாலசுந்தரி.

"துபாயில அவங்களுக்கெண்டு தனி வாசலே இரிக்கும்மா. தனி லிஃப்ட் இரிக்கு."

"இஞ்ச?"

றுமைஸ் கொஞ்சநேரம் யோசித்தார். "பலகை போடுவம்" என்றார்.

பாலசுந்தரி துணைக்குத் தன் தம்பி சீனித்தம்பியைக் கூப்பிட்டார். சீனித்தம்பிக்கு அறுபத்தைந்து வயது. வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலையில் வயல் செய்பவர். அக்காள் எங்கே போகப்போகிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை.

"எந்த ஊருக்கு?"

"ஒரு ஊருக்கும் இல்ல, சீனி. சுத்திப்போட்டுத் திரும்பி வாறது."

"வெளிக்கிட்ட இடத்துக்கேயா?"

"ஓம்."

"அப்ப ஏன் போறாய்?"

"அண்டைக்குத்தான் ஒண்டும் பாக்கல்லயே. இப்ப பாத்தா என்ன?"

சொன்ன நாளன்று சீனித்தம்பி தன்னுடைய லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொழுவி, மண்முனைத்துறையில் அதைப் 'பாதை' என்ற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து, திராய்மடுவுக்கு வந்து, ஹெல்காவையும் அக்காளையும் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டு பட்டணத்துத் துறைக்குப் போனார். துறையில் படகு நின்றது. கூரையும் கதிரைகளும் உள்ள பெரிய தட்டைப் படகு. துபாய் குயின் என்று எழுதியிருந்தது. குருநாகலிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் ஏற்கெனவே ஏறியிருந்தது. யுத்தம் முடிந்ததிலிருந்து தெற்கிலிருந்து அப்படிப் பல கூட்டங்கள் கிழக்கைப் பார்க்க வந்துகொண்டிருந்தன.

துறையில் காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் ஹெல்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது வாகனமா, சாமானா என்று றுமைஸிடம் சிங்களத்தில் கேட்டார். வாகனமென்றால் படகில் ஏற்ற அனுமதி இல்லை. சாமானென்றால் அதன்மேல் ஆள் இருக்கக்கூடாது.

"அது அந்த அம்மாட கால்" என்றார் றுமைஸ்.

சிப்பாய் இதைத் தீவிரமாக யோசித்தார். காலென்றால் ஆளோடு சேர்ந்தது. ஆளென்றால் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். ஆகவே பாலசுந்தரிக்கு ஒரு செம்மஞ்சள் அங்கியும் ஹெல்காவுக்கு ஒரு செம்மஞ்சள் அங்கியும் கட்டினார்கள். பிறகு பலகை போட்டார்கள். அது கதவொன்றின் பாதி; பூட்டுத் துவாரம் அப்படியே இருந்தது. பாலசுந்தரி முயலில் வைத்து ஒரே மூச்சில் ஏறினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

படகு புறப்பட்டது. கச்சான் என்கிற மேல்காற்று நன்றாக அடித்தது. சீனித்தம்பி ஹெல்காவின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். றுமைஸ் ஒலிவாங்கியில் இரண்டு மொழியிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். இடது பக்கம் கோட்டை. வலது பக்கம் கண்டல் மரம். இந்த வாவியில் மீன் பாடும். இன்றைக்குப் பாடாது, ஏனென்றால் காற்று.

பாலசுந்தரிக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு வயதான பெண் இருந்தார். பெயர் ஹீன் மெனிக்கே என்று றுமைஸ் சொன்னார். பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். அவருடைய பார்வை ஹெல்காவை விட்டு அகலவில்லை. ஆமைப் படத்தையும் முயல் படத்தையும் தொட்டுப் பார்த்தார். பாலசுந்தரி குமிழை ஆமைக்குத் திருப்பிக் காட்டினார், பிறகு முயலுக்குத் திருப்பிக் காட்டினார். ஹீன் மெனிக்கே தலையாட்டினார். இருவருக்கும் பொதுவான பாஷை எதுவும் இருக்கவில்லை; சீனித்தம்பிக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பொலன்னறுவை நெல் வியாபாரிகளிடம் பழகிய விலைச் சிங்களம். ஆகவே பேச்சு அத்தோடு நின்றது.

முகத்துவாரத்துக்குக் கிட்ட வந்ததும் பாலசுந்தரி நிமிர்ந்தார். அக்கரையில் பாலமீன்மடு வெளிச்சவீடு தெரிந்தது.

"தம்பி, அந்த நாவலடிக் கரைப்பக்கமா ஒருக்கா விடுங்க" என்றார் றுமைஸிடம்.

"அங்கால ஒண்டும் இல்லயேம்மா. வெறும் மணல்."

"ஒண்டும் இல்லாததத்தான் பாக்கப்போறன்."

றுமைஸ் திருப்பினார். கரை கிட்ட வந்தது. தலையில்லாத தென்னைகள், சரிந்த ஒரு கிணற்றுக்கட்டு. மிச்சத்தையெல்லாம் அலை அரித்திருந்தது. முன்பு வீட்டு வளவுகள் இருந்த இடத்தில் இப்போது வாவி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் பாலசுந்தரி.

"ஆழம் காணாது."

"இன்னும் கொஞ்சம்."

காற்று பின்னாலிருந்து தள்ளியது. அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. படகின் முன்பக்கம் மெல்ல மேலே எழும்பி அப்படியே நின்றது. கறிச்சட்டியின் மூடி கழன்று ஓடிப்போய் யாருடைய காலிலோ முட்டியது.

"அல்லாஹ்வே! கல்லில ஏறிட்டுது" என்று றுமைஸ் எட்டிப் பார்த்தார்.

பாலசுந்தரியும் எட்டிப் பார்த்தார். முழங்காலுக்கும் குறைந்த தண்ணீருக்குள் பாசி பிடித்த சீமெந்துத் தரை தெரிந்தது. படகு உரசிய இடத்தில் பாசி கழன்று சிவப்பு நிறம் வந்திருந்தது.

"கல்லில்ல தம்பி" என்றார். "அது என்ட குசினி."

அந்தச் சொல்லைக் கேட்டு ஹீன் மெனிக்கே திரும்பிப் பார்த்தார். "குஸ்ஸிய?" சிங்களத்திலும் சமையலறைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

"ஓம். குசினி." பாலசுந்தரி தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

ஹீன் மெனிக்கே தன் கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று தண்ணீரைப் பார்த்தார்கள்.

றுமைஸ் இயந்திரத்தைப் பின்பக்கமாக இயக்கிப் பார்த்தார். படகு அசையவில்லை. முகத்துவாரத்து மீனவர்களுக்கு அழைப்பு எடுத்தார். இந்தா வாறம் என்றார்கள். அதுவரைக்கும் பாரத்தைக் குறைக்க வேண்டும், எல்லோரும் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள் என்று இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டார். ஆட்கள் காற்சட்டையையும் சேலையையும் உயர்த்திக்கொண்டு இறங்கினார்கள். தரை மேடாக இருந்ததால் படகின் முன்பக்கம் தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

"பாரம் கூடின சாமான் ஹெல்காதானே" என்றார் பாலசுந்தரி. "பலகையைப் போடுங்க."

"விசர்க்கதை கதைக்காத, அக்கா. தண்ணி பட்டா இது செத்துரும்."

"முதல் ஆள் செத்தும் இது ஓடுதுதானே. போடு."

கதவின் பாதியைச் சரித்துப் போட்டார்கள். சீனித்தம்பியும் றுமைஸும் இரண்டு பக்கமும் பிடிக்க, பாலசுந்தரி இறங்கினார். குமிழை ஆமையில் வைத்தார். சில்லுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சிவப்புத் தரையில் உருண்டன. குசினியிலிருந்து விறாந்தைக்குப் போனார். விறாந்தையிலிருந்து முன்னறைக்குப் போனார். சுவர் ஒன்றுமில்லை, ஆனால் அவர் சுவர் இருந்த இடங்களில் திரும்பி, வாசல் இருந்த இடங்களால்தான் போனார். அதைக் கண்டு மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள்.

ஒரு மூலையில் நாலைந்து இளைஞர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பியவை, அது சாமி அறை. செருப்போட நிக்காதீங்க."

றுமைஸ் மொழிபெயர்த்தார். இளைஞர்கள் உடனே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்கள். வெளியே இருந்ததும் அதே தண்ணீர்தான்.

பாலசுந்தரி திரும்பக் குசினிக்கு வந்தார். அடுப்புக்கட்டின் அடையாளம் தரையில் ஒரு நீண்ட மேடாக இருந்தது. அதற்குக் கிட்ட ஹெல்காவை நிறுத்தினார். சீனித்தம்பி பக்கத்தில் வந்து நின்றார். அத்தான் போன விதத்தைப் பற்றி இத்தனை வருடமும் அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"உன்ட அத்தான் இஞ்சதான் நிண்டவர்" என்றார் பாலசுந்தரி. "தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவர். நான் முன்னுக்கு. 'சீனி எங்ககா?' எண்டு கேட்டவர். நான் உன்னைக் கேக்கிறார் எண்டு நினைச்சு, 'அவன் கொக்கட்டிச்சோலையிலதானே' எண்டன்."

சீனித்தம்பி ஹெல்காவின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் சிரிச்ச சிரிப்பு முன்னறை மட்டும் கேட்டுது. மறுகா தண்ணி."

காற்று அடித்தது. சீனித்தம்பி அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் அண்டைக்கு வட்டைக்குள்ளதான் நிண்டன்" என்றார். "வேளாண்மைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு."

"தெரியும்" என்றார் பாலசுந்தரி. "அவருக்கும் தெரியும்."

பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். மீனவர்களின் 'இந்தா வாறம்' எப்படியும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது என்பது அங்கிருந்த உள்ளூர்க்காரர் மூவருக்கும் தெரியும். றுமைஸ் சோற்றுப் பானையையும் இறால் கறிச் சட்டியையும் படகிலிருந்து இறக்கி அடுப்புக்கட்டில் வைத்தார். அங்குதான் தண்ணீர் எட்டவில்லை. பாலசுந்தரி இருந்தபடியே சோறு போட்டார். ஹீன் மெனிக்கே ஒருவரும் கேளாமலே ஊன்றுகோலைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, ஹெல்காவின் முதுகில் ஒரு கையை ஊன்றி நின்று, மறுகையால் அகப்பையை எடுத்துக் கறி பரிமாறினார். வந்தவர்கள் விறாந்தையிலும் முன்னறையிலும் நின்று சாப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் முறை கறி கேட்டார். ஹீன் மெனிக்கே அவரை ஏசிவிட்டுப் போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு உத்தரவும் போட்டார்.

"கோப்பையெல்லாம் கழுவி வைக்கட்டாம்" என்றார் றுமைஸ். "இன்னொருத்தர்ட குசினிய ஊத்தையா விட்டுட்டுப் போகப்படாதாம்."

எல்லோரும் குனிந்து, சோறு சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவினார்கள்.

மீனவர்கள் இரண்டு இயந்திரப் படகுகளில் வந்து கயிறு கட்டி துபாய் குயினை இழுத்து விடுவித்தார்கள். ஹெல்கா பலகையில் பாதி ஏறியதும் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. ஆமையும் வேலை செய்யவில்லை, முயலும் வேலை செய்யவில்லை. குருநாகல் இளைஞர்கள் ஆறுபேர் அதை ஆளோடு சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சீனித்தம்பி ஸ்கூட்டர் பழுதானதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"தெரிஞ்சுதானே கிட்ட விடச்சொன்னாய்?" என்று கடைசியில் கேட்டார்.

"படகு ஏறுமெண்டு தெரியாது" என்றார் பாலசுந்தரி. "ஆனா அத்தான் போட்ட தரை இன்னும் கிடக்குமெண்டு தெரியும். பொருளுக்குக் கஞ்சத்தனம் பாக்காம போட்டவர்."

செங்கலடியில் ஓட்டோ திருத்தும் ஒருவர் ஹெல்காவைப் பிரித்துக் காயவைத்து, மோட்டரை மாற்றிக் கொடுத்தார். அது ஓட்டோவின் கண்ணாடித் துடைப்பான் மோட்டராம், வேறொன்றும் பொருந்தவில்லை. அதன்பிறகு ஹெல்கா முயலில் வைத்தாலும் ஆமை வேகத்தில்தான் போனது. பாலசுந்தரி அதற்குப் பழகிக்கொண்டார்.

ஆவணியில் ஒரு நாள் பின்னேரம் றுமைஸ் திராய்மடுவுக்கு வந்தார். ஆமினா உம்மா, அதாவது அவருடைய தாயார், தொதல் இனிப்புக் கிண்டிக் கொடுத்துவிட்டிருந்தார். றுமைஸ் கதிரை விளிம்பில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வந்த விடயத்தைச் சொல்லத் தயங்கினார்.

"அந்தப் பக்கம் படகு இன்னொருக்கா ஏறிராம அடையாளம் வைக்கணும்மா. உங்கட வளவுக்குள்ள நாலு கம்பு நட்டா ஏதும் பிரச்சினையா?"

பாலசுந்தரி தொதலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"வேலிப்பக்கம் நடுங்க" என்றார். "வாசலை மட்டும் மறைச்சிராதீங்க."