லெம்பி வீட்டு அடுப்புக் கதவு

ஊர்ஹோ கொர்பெலாவைப் புதைத்த நான்காம் நாளிலிருந்து அவனுடைய குரல் வீட்டு விறகடுப்பின் இரும்புக் கதவில் கேட்டது. திறந்தால் கீல்கள், "இன்னொரு கட்டையா? மரம் என்ன சும்மா முளைக்குதா?" என்று கிரீச்சிடும், மூடினால் தாழ்ப்பாள் "போதும்" என்று முடித்துவைக்கும். மிச்சிகன் வடக்கில் அந்த ஆண்டு பனி சன்னல் உயரத்துக்கு விழுந்தது, உருளைக்கிழங்கு விலை ஏறியது, இதுவும் நடந்தது. உயிரோடிருந்தவரை வேளைக்கு மூன்று கட்டைக்கு மேல் போடவிடாத மனிதன் செத்தும் விடவில்லையே என்று அவன் மனைவி லெம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகை நிறைய மேப்பிள் கட்டை, பாதி அவளே பிளந்தது. ஆனாலும் திட்டுக்குப் பயந்த பழக்கம் கையை விட்டுப் போகவில்லை; வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

ஊருக்கோ கொண்டாட்டம். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து காபிக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து மூடிக் கேட்டுவிட்டுப் போனார்கள். "எண்ணெய் கிண்ணெய் போட்டுறாதீங்க அண்ணி, அண்ணன் பேச்சு நின்னுபோயிடும்" என்று கொழுந்தன் வில்யாமி கண்கலங்கினான். லெம்பி அன்று மாலையே போட்டாள். ஆனால் அவசரத்தில் பன்றிக் கொழுப்பைத் தடவிவிட்டாள். அது சூட்டில் கருகி வீடெல்லாம் புகை, குரல் மட்டும் குழைந்து, "கண்ணு, ரெண்டு கட்டை போதாதா?" என்று கொஞ்சியது. வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் கேட்காத கண்ணு. அவள் அழுதுவிட்டாள். அழுது முடித்தபின்தான், கொஞ்சுகிற சாக்கில் ஒரு கட்டையைக் குறைத்துவிட்டானே என்று உறைத்தது.

அடுப்பை ஆறவிட்டாள். கதவைக் கீல் ஆணிகளிலிருந்து தூக்கிக் கழற்றி, கருகலையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாள். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூள் தீயில் கருகாது. அதை ஆணிகளிலும் தாழ்ப்பாள் நாக்கிலும் கறுகறுவென்று தடவினாள். வில்யாமி மூச்சிரைக்க வந்து நின்றான்.

"என்ன அண்ணி, செத்தவன் வாயையே அடைக்கிறீங்களா?"

"ஆமா தம்பி. இருபத்தாறு வருஷம் இந்த வீட்ல குளிர்ல கெடந்தவ நானு, நீங்க இல்ல."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. நான்காவது கட்டையை வைத்தாள். வில்யாமியைப் பார்த்துக்கொண்டே ஐந்தாவதையும் வைத்தாள்.

மறுநாள் ஊர்ஹோ வில்யாமி வீட்டு அடுப்பில் பேசினான். பத்து நாள் பெருமையாகக் கேட்ட வில்யாமி, பதினோராம் நாள் கிராஃபைட் வாங்கக் கடைக்கு ஓடினான். அப்படியே ஏழெட்டு வீடு மாறி, மூன்றாம் குளிர்காலத்தில் ஊர்ஹோ கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டில் வந்து தங்கினான். அங்கே விறகு எரிப்பவர்கள் இல்லாததால் ஊரார் அதற்கு எதுவும் தடவவில்லை. லெம்பி பூ வைக்கப் போகும் நாட்களில் கேட் முறையாகக் கிரீச்சிடும். "இன்னிக்கு எட்டு போட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போவாள்.