பத்து லட்சத்து ஒன்று

பதிப்பகத்தில் பள்ளிக் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்ப்பவருக்கு மூன்று நாளாகச் சட்டைப் பை சுட்டது. உள்ளே இருந்தது ஒரே ஒரு கடிதம். யாரோ ஓர் ஆசிரியர் பதிப்பகத்துக்கு எழுதியது: 'விடைப் பக்கத்தில் 10,00,001 ஒரு பகா எண் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து 101ஆல் வகுத்துப் பார்க்கவும்.'

வகுத்தார். மிச்சமே இல்லாமல் 9901 வந்தது. நாலு தடவை போட்டுப் பார்த்தார். கெஞ்சினால் மாறுவதற்குக் கணக்கு என்ன வீட்டுக்காரியா?

பிழை எண்ணோடு நின்றிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். ஆனால் அன்று, புத்தகம் அச்சுக்குப் போகுமுன்பே, புரூஃப் பார்க்கும் பெண் 'பகா எண்' என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 101 × 9901 என்று எழுதியிருந்தாள். இவருக்குச் சுர்ரென்று ஏறியது. எழுத்துப் பிழை பார்க்க வந்தவள் எண்ணில் கை வைப்பதா?

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் வைத்திருந்த பகா எண் பட்டியல் 97உடன் முடியும். அதிலிருந்த இருபத்தைந்தாலும் முன்பே வகுத்துப் பார்த்திருந்தார், எதுவும் வகுக்கவில்லை. ஆயிரம் வரை போயிருக்க வேண்டும் என்பது தெரியாத மனுஷனா அவர்? சோம்பல். அது போகட்டும், அவள் எழுதியதையாவது பெருக்கிப் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் ரப்பரை எடுத்து அழித்தார். முதலாளியிடம் போய், "அந்தப் பொண்ணு இஷ்டத்துக்கு விடைய மாத்துது சார்" என்று போட்டுக்கொடுத்தார். மறுநாளே அவளைப் பார்சல் கட்டும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்றது. நாலாம் நாள் பார்சல் அறைக்குப் போனார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அந்த மரியாதை அவரைக் குத்தியது.

"உக்காரும்மா. அந்தப் பத்து லட்சத்து ஒண்ணு இருக்கே... நீ போட்டதுதான் சரி."

அவள் சிரித்தாள். "ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சார். நான்தான் எங்கயோ தப்பாப் பெருக்கியிருப்பேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது? இப்பல்லாம் என் பொண்ணு கணக்குல சந்தேகம் கேட்டாக்கூட, அப்பாகிட்ட போன்னு அனுப்பிடறேன்."

அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! ஒரு வேலையைத்தான் பறித்தோம் என்றல்லவா இதுவரை நினைத்திருந்தார்! பென்சிலை நீட்டினார்.

"நான் சொல்றத நம்பாத. நீயே போடு."

பெட்டி மூடியில் 9901 எழுதினாள். அதன் கீழே, இரண்டு இடம் இடதுபக்கம் தள்ளி, இன்னொரு 9901. வலதுபக்கத்திலிருந்து கூட்டினாள். முதலில் ஒன்று. பிறகு பூஜ்யம், மறுபடி பூஜ்யம். கை மெதுவானது. மொத்தம் ஐந்து பூஜ்யம் வந்தது. கடைசியில் ஒன்று.

பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு மறுபடி எண்ணினாள். அப்புறம் தயங்கித் தயங்கி நிமிர்ந்தாள்.

"சரியா சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மூடியைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"என்னைக் கேக்காதம்மா. வா, முதலாளிகிட்ட இதை நீயே காட்டு. ரப்பரால அழிச்சது யாருன்னு நான் சொல்றேன்."