தங்கச்சியைக் கேட்டுச் சொல்லு

தூறல் போட்டால் மஞ்சள் எச்சரிக்கை, காற்றடித்தால் மஞ்சள் எச்சரிக்கை. பேரிடர் எச்சரிக்கை மையத்தில் உட்கார்ந்து அன்று காலையிலிருந்து அவள் அனுப்பிய மஞ்சளுக்குக் கணக்கே இல்லை. முன்பொரு வெள்ளத்துக்குப் பிறகு, ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று விசாரணைக் கமிஷன் மையத்தைக் குடைந்தெடுத்துவிட்டது. அதிலிருந்து மையம் கற்றுக்கொண்ட பாடம், எதையும் சொல்லாமல் விடக் கூடாது என்பதுதான். சொல்லித் தொலைத்துவிட்டால் பழி நம் தலையில் விழாது, அப்புறம் ஜனங்கள் பாடு. ஊரிலுள்ள கைபேசியெல்லாம் ஒரே நேரத்தில் அலறும். ஜனங்கள் திட்டிக்கொண்டே அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்தத் திட்டெல்லாம் தனக்கு வந்து சேரவேண்டியது என்று அவளுக்கும் தெரியும். அலுத்துத்தான் போயிருந்தாள்.

அவள் அக்கா குடியிருக்கும் ஆற்றோரத் தெருவில் இவளுக்கு 'சைரன்' என்று பெயர். கைபேசி அலறினால் தெருக்காரர்கள் அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "உங்க தங்கச்சியைக் கேட்டுச் சொல்லுங்க. நிஜமா, இல்ல வழக்கம்போலத்தானா?" அக்கா போன் போடுவாள். தேநீர் இடைவேளையில் இவள் எடுத்து, "ஒண்ணுமில்லக்கா, போய் சமையலைப் பாரு" என்பாள். கூட்டம் கலைந்துவிடும். மையத்தில் சுவர் முழுக்கத் திரைகள் இருந்தன, மேற்கூரையில் கோபுரம் இருந்தது. அந்தத் தெரு நம்பியதென்னவோ இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

பிற்பகலில் அணையிலிருந்து தகவல் வந்தது. மதகுகளை எல்லாம் திறந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் ஆற்றோரத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நிற்கும். சிவப்பு எச்சரிக்கைக்கு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். மனுஷன் இழுத்தடிப்பாரே என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அதிசயமாக அவர் திரையைப் பார்த்ததுமே "அனுப்பிடும்மா" என்றார். 'உடனே வெளியேறி மேட்டுப் பகுதிக்குச் செல்லவும்' என்று அனுப்பினாள். ஒவ்வொரு தெருவாகத் திரையில் பச்சை விழுந்தது. எல்லாக் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"நம்ம வேலை முடிஞ்சுது" என்று இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா இந்நேரம் போன் போட ஆரம்பித்திருப்பாள். இவள் போனோ வாசலில் காவலாளியின் பெட்டிக்குள் கிடந்தது. போன வருடம் மையத்து ஆள் ஒருவர் தன் மச்சானுக்கு ரகசியமாகச் சொல்லப் போய், அது ஊரெல்லாம் பரவி, நாலு பேர் நாலு விதமாகத் திரித்து, பெரிய ரகளையாகிவிட்டது. பணி நேரத்தில் யாரும் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு வந்தது. இன்று மழை மும்முரத்தில் தேநீர் இடைவேளையும் இல்லை.

"சார், கொஞ்சம் வெளிய போய்ட்டு வந்துடறேன். எங்கக்கா ஆத்தோரத்துல இருக்கா. அத்தானால எழுந்து நடக்க முடியாது."

"மெசேஜ் போயிருக்கேம்மா. பார்த்துட்டுக் கிளம்பியிருப்பாங்க."

"கிளம்ப மாட்டாங்க சார். என்னைக் கேக்காம நகர மாட்டாங்க."

இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை அனுப்பினதே நீதானம்மா?"

"நான்தான் அனுப்பினேன். ஆனா நான் சொல்லலியே சார்."

அவருக்கு விளங்கவில்லை. "நாற்காலி காலியா இருந்தா நாளைக்கு விளக்கம் கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும் சார்" என்று எழுந்துவிட்டாள்.

மேலதிகாரி சொன்னால்தான் பெட்டியைத் திறக்க முடியும் என்றார் காவலாளி.

"அண்ணே, உள்ள அடிச்சுக்கிட்டே இருக்கு. காதுல விழலையா?"

"காலையிலேர்ந்து எல்லாப் போனும்தாம்மா அடிக்குது. எதைன்னு நான் கேக்குறது?" அவரும் ஓய்ந்துபோயிருந்தார். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்காமல் சாவியைப் போட்டுத் திறந்தார்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" அக்கா எடுத்த எடுப்பில் பாய்ந்தாள். "தெருவே வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது. சிவப்புன்னு போட்டிருக்கு. நிஜமா, இல்ல..."

"நிஜம்க்கா. அத்தானைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. ஒரு சாமானும் எடுக்காத. இப்பவே போ."

அக்கா போனை வைக்காமலே, "நிஜமாம்! கிளம்புங்க எல்லாரும்!" என்று கத்தினாள். இவளுக்குக் காது அடைத்துப்போனது. மறுமுனையில் ஜனங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. காவலாளியின் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள், ஆனால் நிறுத்தமுடியவில்லை.

மறுநாள் காலை பணி முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அத்தானைப் படுக்க வைத்திருந்தார்கள். "சைரன் வந்தாச்சு, இனிமே எதுக்கும் கவலையில்ல" என்று யாரோ கேலி பண்ண, தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்டபோதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் அக்கா தெரு முகங்களாகவே இருந்தன.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருக்காரங்க எங்கக்கா? அடுத்த ரூமுலயா?"

அக்கா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீரே வரவில்லை.

"படகு போயிருக்கு. கூரையில ஏறினவங்களைக் கொண்டுவந்துட்டாங்க. மத்தவங்களைத் தேடுறாங்க."

"அவங்களுக்கும் மெசேஜ் போச்சேக்கா. பச்சை விழுந்ததை என் கண்ணால பார்த்தேன்."

"வந்துதுடி, எல்லாருக்கும்தான் வந்துது. கிளம்புறப்ப நாங்களும் இந்தப் பக்கத்துலேர்ந்து கத்தினோம். மழையில என்ன கேட்டுதோ, ஒருத்தர் பதிலுக்குக் கையாட்டினார்." அக்கா துண்டை உதறினாள். "அவங்களுக்கு நிஜமான்னு கேக்க ஆள் இல்லடி."